நீரும் நெருப்பும் சந்தித்த இடம்

"நீரோடும் நெருப்போடும் விளையாடாதே" என்பது நம் வீடுகளிலே பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதி. அந்தப் புத்திமதியைச் செவியில் ஏற்காதவர்கள் போல, நீரும் நெருப்பும் ஒருங்கே கூடிய ஓரிடத்தைத் தேடி ஆண்டுதோறும் உலகின் பல பாகங்களிலுமிருந்து மக்கள் செல்கின்றனர். அவர்களிற் பலர் அதற்கு முன்னர் கடலுக்குள்ளே தலையை அமிழ்த்திக் கண் திறந்து பார்த்தறியாதவர்கள். முதுகிலே வளித்தாங்கியைச் சுமந்து, எரிமலையின் அடிவாரத்திலிருந்து நேரே கடலுக்குள் நடந்து செல்கிறார்கள். முக்கால் மணி நேரம் சென்றபின், மூழ்கிக் கிடக்கும் கப்பலொன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நடந்தே கரையேறுகிறார்கள். அந்த இடம் இந்தோனீசியாவைச் சேர்ந்த பாலித் தீவின் வடகிழக்குக் கரையிலுள்ள துலாம்பென் என்னும் சிற்றூர்.

இக்காலத்தில் நம் பிள்ளைகள் படிப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் தூரதேசங்களில் வாழ்கின்றனர். "விடுமுறைக்குப் பாலித் தீவுக்குப் போகிறேன், அம்மா. அங்கே கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கப் போகிறோம்" என்று மகனோ மகளோ தொலைபேசியிற் சொன்னால், வீட்டிலிருக்கும் தாயின் நெஞ்சு படபடக்கத்தானே செய்யும்? அந்த அச்சம் எவ்வளவு தூரம் நியாயமானது, எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை அறிந்துகொள்வது பெற்றோருக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது. துலாம்பெனின் கதையே அதற்கு ஏற்ற பாடமாக அமைந்திருக்கிறது.

மலையின் சீற்றம்

பாலித் தீவு இந்து சமயம் இன்றும் உயிரோடு விளங்கும் நாடு. அத்தீவினர் திசைகளைக் குறிக்கும்போது மலைப்பக்கம், கடற்பக்கம் என்றே பெரிதும் வழங்குவர். மலையை நோக்கிய திசை புனிதமானது. அம்மலைகளுள் தலையாயது ஆகுங் என்னும் எரிமலை. 3,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அதன் சரிவிலேதான் பெசாக்கி என்னும் பெருங்கோயில் அமைந்திருக்கிறது. பாலித் தீவினர் அதனைத் தாய்க் கோயிலாகப் போற்றுகின்றனர்.

1963 ஆம் ஆண்டின் முற்பகுதியில், நூறாண்டுக்கு ஒருமுறை நிகழ வேண்டியதெனக் கருதப்படும் ஏகாதச ருத்ரப் பெருவிழாவுக்கான ஆயத்தங்கள் பெசாக்கியிலே நடந்துகொண்டிருந்தன. நெடுங்காலமாக உறங்கிக் கிடந்த ஆகுங் மலை அவ்வேளையிலேதான் விழித்தெழுந்தது. பெப்ரவரி மாதத்திற் புகையும் தீக்குழம்பும் வெளிப்பட்டன. மார்ச் மாதம் 17 ஆந் திகதி மலை பெருமுழக்கத்துடன் வெடித்தது. கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த மேகங்கள் சரிவுகளிலே பாய்ந்து ஊர்களை விழுங்கின. மே மாதத்தில் மீண்டும் ஒரு பெருவெடிப்பு நிகழ்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வயல்கள் சாம்பலின் கீழ்ப் புதையுண்டன. தீக்குழம்போ பெசாக்கிக் கோயிலைத் தீண்டாது சற்றே விலகிச் சென்றது. அதனை இறைவன் அருளென்றே அத்தீவினர் இன்றளவும் சொல்லுவர். குலைந்துபோன பெருவிழா 1979 இல் மீண்டும் நடத்தப்பட்டது.

அம்மலை வானத்தில் வீசியெறிந்த கந்தகத் துகள் உலகெங்கும் பரவிற்று. தொலைதூர நாடுகளிலும் அந்திவானம் வழக்கத்திற்கு மாறாகச் செந்நிறம் கொண்டது. பூமியின் சராசரி வெப்பநிலை சிறிது காலம் ஓரளவு குறைந்தது. இவ்வளவு பெரிய சீற்றத்தின் நடுவே, மலையின் அடிவாரத்துக் கடற்கரையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை அப்போது எவரும் பெரிதாக எண்ணியிருக்கமாட்டார்கள். அங்கே கரைதட்டிக் கிடந்த பழைய கப்பலொன்று, நிலம் அதிர்ந்த வேகத்திற் கடலுக்குள்ளே சரிந்து சென்றது.

கப்பலின் கதை

அக்கப்பலின் பெயர் லிபேர்ட்டி, அதாவது சுதந்திரம். 1918 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே கட்டப்பட்ட சரக்குக் கப்பல் அது. நீளம் ஏறக்குறைய 125 மீற்றர். இரண்டாம் உலகப் போரின்போது ஆயிரக்கணக்கிற் கட்டப்பட்ட லிபேர்ட்டி வகைக் கப்பல்களுள் இதுவும் ஒன்றெனச் சிலர் எண்ணுவதுண்டு. அவ்வாறன்று. இது அவற்றுக்கெல்லாம் மூத்தது.

1942 ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இக்கப்பல் அவுஸ்திரேலியாவிலிருந்து போர்க்காலச் சரக்குடன் பிலிப்பைன்ஸ் நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 11 ஆந் திகதியன்று லொம்பொக் நீரிணையின் அருகில் யப்பானிய நீர்மூழ்கிக் கப்பலொன்று டோர்ப்பிடோவால் அதனைத் தாக்கிற்று. அமெரிக்க நாசகாரிக் கப்பலொன்றும் ஒல்லாந்த நாசகாரிக் கப்பலொன்றும் அதனைக் கட்டியிழுத்து, பாலியின் வடகரையிலுள்ள சிங்கராஜாத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல முயன்றன. வழியிலேயே வெள்ளம் கப்பலுக்குள் மிகுந்தமையால், துலாம்பென் கரையில் அதனை ஏற்றிவிட்டார்கள். அதிலிருந்த சரக்கும் பயன்படக்கூடிய உலோகமும் காலப்போக்கிற் கழற்றி எடுக்கப்பட்டன. வெறுங்கூடு மட்டும் 21 ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கரையிலே கிடந்தது. 1963 இல் மலை குமுறியபோதுதான் அது கடலுக்குள்ளே சென்று அமர்ந்தது.

எங்கே சென்று அமர்ந்தது என்பதிலேதான் இதன் சிறப்பெல்லாம் அடங்கியிருக்கிறது. கரையிலிருந்து ஏறக்குறைய 30 மீற்றர் தூரம். அதன் உச்சிப்பகுதி நீர்மட்டத்திலிருந்து 5 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. அடிப்பகுதி 30 மீற்றர் வரை இறங்குகிறது. கரைக்கு இணையாக, கரிய எரிமலை மணற்சரிவிலே பக்கவாட்டாகச் சாய்ந்து கிடக்கிறது.

இதனோடு நமது நாட்டுக் கடலிற் கிடக்கும் மற்றொரு கப்பலை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆந் திகதி, ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடித்தன. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதிலே உயிர்துறந்தனர். அதுவும் உலகப் புகழ் பெற்ற கப்பலே. ஆயினும் அது 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடப்பதால், நெடுங்காலம் பயின்று விசேட தகுதி பெற்றோர் மட்டுமே அதனை அணுகலாம். ஒரே போர், ஒரே ஆண்டு. ஒன்று தேர்ந்தவர்களுக்கும் அச்சமூட்டும் ஆழத்தில் இருக்கிறது. மற்றொன்று கன்னிப் பயிற்சியாளனுக்கும் எட்டும் ஆழத்தில் இருக்கிறது. இரண்டிடத்திலும் கடல் ஒன்றுதான். வேறுபடுவது ஆழம்.

மூச்சடக்காதே!

"மூச்சடக்கி முத்தெடுத்தான்" என்பது நம்மவர் பழகிய பேச்சு. மன்னார்ச் சிலாவத்துறைக் கடலிலே முத்துக்குளித்தோர் காலிற் கல்லைப் பிணைத்து, மூச்சை அடக்கிக் கீழே சென்று, சிப்பியைக் கூடையில் அள்ளிக்கொண்டு மேலே வந்தனர். மூச்சை எவ்வளவு நேரம் அடக்க இயலுமோ அவ்வளவு நேரமே அவர்கள் கடலின் விருந்தாளிகள்.

இன்றைய மூழ்குநர் கைக்கொள்ளும் முறையோ இதற்கு நேர்மாறானது. அவர்களுக்குக் கற்பிக்கப்படும் முதற்கட்டளை, "ஒருபோதும் மூச்சை அடக்காதே" என்பதாம். ஏன் இந்த முரண்பாடு? பாடசாலையில் விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

கடல்மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அமுக்கம் தாக்குகிறது. நீருக்குள் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் மேலும் ஒரு வளிமண்டல அமுக்கம் சேருகிறது. ஆகவே 10 மீற்றரில் 2, 20 மீற்றரில் 3, 30 மீற்றரில் 4. அமுக்கம் இருமடங்கானால் வாயுவின் கனவளவு பாதியாகும் என்பது 1662 இல் றொபேட் போயில் வெளியிட்ட விதி. மேற்பரப்பில் 6 லீற்றர் காற்றை உள்ளிழுத்துச் செல்லும் முத்துக்குளிப்போனின் சுவாசப்பையில் அக்காற்று 10 மீற்றர் ஆழத்தில் 3 லீற்றராகச் சுருங்கும். மேலே வரும்போது மறுபடியும் 6 லீற்றராகும். தொடங்கிய அளவை அது தாண்டுவதில்லை.

தாங்கியிலிருந்து சுவாசிப்பவன் நிலை வேறு. அவன் 10 மீற்றர் ஆழத்திலேயே, அங்குள்ள அமுக்கத்துக்குச் சமமான காற்றைச் சுவாசப்பை நிறைய, 6 லீற்றராகவே உட்கொள்ளுகிறான். அதனை அடக்கிக்கொண்டு மேலெழுந்தால் அது 12 லீற்றராக விரிய முயலும். சுவாசப்பை அதனைத் தாங்குமா? மெல்லிய சவ்வுகள் கிழிந்து, காற்றுக்குமிழிகள் குருதியிற் கலந்து மூளைக்குச் செல்லலாம். உயிருக்கே ஆபத்து. இதற்குப் பேராழம் வேண்டியதில்லை. ஒரு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்திலிருந்து மூச்சை அடக்கி எழுந்தாலே இத்தகைய விபத்து நேரக்கூடும். ஆழங்குறைந்த இடமென்றால் அபாயமில்லை என்று எண்ணுவோர் இதனை நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, கடலுக்குள் மிகக் கொடியது சுறா அன்று, பதற்றமே. பதறியவன் செய்வது யாது? மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வான். செய்யத் தகாதவை இரண்டையும் அவன் ஒருங்கே செய்துவிடுகிறான். பயிற்சியென்பது முழுவதும் அந்தக் கணத்துக்கான ஆயத்தமே. "நில், மூச்சு விடு, சிந்தி, பின்னரே செய்" என்னும் ஒழுங்கு உடலிலே ஊறிப்போகும்வரை ஆசிரியர் திரும்பத் திரும்பச் செய்விப்பார். முகக்கண்ணாடிக்குள் நீரை வேண்டுமென்றே புகவிட்டு, மூக்கினால் ஊதி வெளியேற்றச் சொல்வார். வாயிலுள்ள குழலைக் கழற்றி மீண்டும் பொருத்தச் சொல்வார். துணைவனின் மேலதிகக் குழலிலிருந்து சுவாசிக்கச் சொல்வார். இவையெல்லாம் எழுந்து நின்றால் தலை வெளியே தெரியும் நீரிலேதான் தொடங்கும்.

கருவியின் வரலாறு

இக்கருவியை ஆக்கியோர் பிரெஞ்சு நாட்டவரான ஜாக் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும், எமில் கஞ்ஞான் என்னும் பொறியியலாளரும் ஆவர். காலம் 1943. போரினாற் பெற்றோல் தட்டுப்பட்டபோது, மோட்டார் வண்டிகளை வாயுவினால் ஓட்டுவதற்காகக் கஞ்ஞான் ஒரு தடுக்கிதழைச் செய்துகொண்டிருந்தார். உறிஞ்சும்போது மட்டும், வேண்டிய அளவு வாயுவை விடுவது அதன் இயல்பு. அதுவே நீருக்குள் மனிதனின் சுவாசத்துக்கும் பொருந்திற்று. கூஸ்தோவின் 'மௌன உலகம்' என்னும் திரைப்படம் 1956 இல் கான் திரைப்பட விழாவின் உயர்ந்த பரிசைப் பெற்று, கடலடியை உலகமக்கள் கண்முன்னே கொண்டுவந்தது.

முதுகிலுள்ள தாங்கியில் இருப்பது ஒட்சிசன் என்று பலர் நினைக்கின்றனர். தனி ஒட்சிசன் அமுக்கத்தின் கீழ் நஞ்சாக மாறக்கூடியது. சாதாரணமாகத் தாங்கியில் இருப்பது நாம் சுவாசிக்கும் இதே வளிதான். 11 லீற்றர் கொள்ளும் தாங்கியில் 200 மடங்கு அமுக்கத்தில் அடைத்தால் ஏறக்குறைய 2,200 லீற்றர் வளி அடங்கும். நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவனுக்குக் கரையில் இது 110 நிமிடத்துக்குப் போதும். 10 மீற்றர் ஆழத்தில் இருமடங்கு செலவாகுமாதலால் 55 நிமிடமே நிற்கும். அதிலும் காற்பங்கை அவசரத்துக்கென மீதம் வைத்தே திரும்ப வேண்டும். குடும்பச் செலவுக்குக் கணக்கு வைப்பது போலவே மூச்சுக்கும் கணக்கு வைக்கிறார்கள். கடிகாரம் போன்ற அமுக்கமானியை அடிக்கடி பார்ப்பது கடமை. அமைதியாயிருப்பவனுக்கு வளி நீண்டநேரம் வரும். படபடப்பவனுக்கு விரைவிலே தீர்ந்துபோகும்.

துலாம்பென் கடலுக்குள்ளே

இனி, நாமும் மனத்தால் ஒருமுறை இறங்கிப் பார்ப்போம். அதிகாலை. பின்னே ஆகுங் மலை நீலநிழலாக நிற்கிறது. கரையிலே மணலில்லை. எரிமலை தந்த கருங்கற்கள் தேங்காய்ப் பருமனில் உருண்டு திரண்டு கிடக்கின்றன. அலை வரும்போது அவை ஒன்றோடொன்று உரசும் ஓசை கேட்கிறது. ஏறக்குறைய 15 கிலோ நிறையுள்ள தாங்கியை அவ்வூர்ப் பெண்கள் தலையிலே வைத்து, கையாற் பிடிக்காமலே அக்கற்களின் மேல் நடந்து வருகிறார்கள். கற்றுக்குட்டிகளுக்கு வெறுங்கையோடு நடப்பதே பாடாயிருக்கிறது.

இடுப்பளவு நீரில் துடுப்புக் காலணியை மாட்டிக்கொண்டு, ஆசிரியரின் பக்கத்திலே தலையைத் தாழ்த்துகிறோம். முதல் மூச்சுக்கு மனம் ஒப்புவதில்லை. நீருக்குள் மூச்செடுக்கலாகாது என்று பிறந்த நாள்முதல் உடல் கற்ற பாடம் அது. ஒன்று, இரண்டு, மூன்று மூச்சுகளின் பின் நெஞ்சு தணிகிறது. கேட்கும் ஒலி நமது மூச்சொலி மட்டுமே.

இரண்டு மூன்று மீற்றர் இறங்கியவுடன் காதிலே நோவு தோன்றும். வெளியமுக்கம் செவிப்பறையை உள்ளே தள்ளுவதால் வருவது அது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால், தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழாய் திறந்து நோவு நீங்கும். நீங்காவிட்டாற் சிறிது மேலேறி மறுபடியும் முயல வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்குவது வீரமன்று, மடமை. தடிமன் பிடித்திருக்கும் நாளில் மூழ்குதல் ஆகாதென்பதும் இதனாலேயே.

கரிய மணற்சரிவிலே, நிலத்தில் நட்ட புற்களைப் போல மெல்லிய விலாங்குகள் உடலின் பாதியை வெளியே நீட்டி அசைந்துகொண்டிருக்கும். அருகே சென்றால் ஒவ்வொன்றாக மணலுக்குள் மறையும். சற்றே நீந்தினால், எதிரே ஒரு மதில் போலக் கப்பல் தோன்றும். அது கப்பலென்று முதலிற் தெரிவதில்லை, ஒரு பூந்தோட்டமென்றே தோன்றும். உருண்டோடும் எரிமலை மணலிலே முருகைக்கல் வேரூன்ற இயலாது. அசையாத பற்றுக்கோடு அதற்கு வேண்டும். அந்தப் பற்றுக்கோட்டை இரும்புக் கப்பல் கொடுத்தது. அறுபதாண்டுக்கு மேலாக மென்முருகையும் கடற்பஞ்சும் விசிறி வடிவான முருகையும் அதன்மேற் படர்ந்து, மீன்கள் குடியேறி, போரின் எச்சம் ஓர் ஊராகிவிட்டது. பாரை மீன்கள் நூற்றுக்கணக்கிற் கூடி வெள்ளித் தூணாகச் சுழலுகின்றன. விடியற்காலையில், நெற்றி புடைத்த பெருங்கிளிமீன்கள் கூட்டமாக வருவதுண்டு. மீற்றருக்கு மேல் வளரும் இம்மீன்கள் முருகையைப் பற்களாற் கடித்துப் பொடியாக்கி மணலாகக் கழிக்கின்றன.

நிறங்களும் அங்கே மாறிவிடுகின்றன. நீர் முதலிற் செந்நிற ஒளியை உறிஞ்சிவிடுவதால், சிவந்தவையெல்லாம் சாம்பல் நிறமாகத் தோன்றும். விளக்கை ஏந்தினால் மறைந்த செம்மை மீண்டும் வெளிப்படும். பொருள்கள் உண்மையளவிலும் மூன்றிலொரு பங்கு பெரியனவாகத் தெரியும். ஆகவே, ஆளளவு மீனைக் கண்டேன் என்று கரையேறியவன் சொன்னாற் சிறிது கழித்தே நம்ப வேண்டும்!

பேச்சுக்கு அங்கே இடமில்லை. கைச்சைகையே மொழி. பெருவிரலை உயர்த்திக் காட்டுவது "நன்று" என்று பொருள்படாது. "மேலே செல்வோம்" என்பதே அதன் பொருள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டமே "நலம்" என்பதைக் குறிக்கும்.

திரும்பும் வழி

இறங்குவதிலும் ஏறுவதே கவனம் வேண்டுவது. அமுக்கத்தின் கீழ்ச் சுவாசிக்கும்போது வளியிலுள்ள நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கரைகிறது. விரைந்து மேலெழுந்தால், சோடாப் போத்தலைத் திடீரெனத் திறந்தாற்போல அது குமிழியாக வெளிப்பட்டு மூட்டுகளையும் நரம்புகளையும் வருத்தும். ஆதலினால் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறி, 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தங்குவது வழக்கம். துலாம்பெனில் இதுவும் இன்பமே. 5 மீற்றர் ஆழத்திற் கப்பலின் உச்சியும் கரைச்சரிவும் இருப்பதால், தங்கும் நேரமும் காட்சியாகவே கழிகிறது.

மூழ்கியவர்கள் அன்றே விமானம் ஏறலாகாது. பலமுறை மூழ்கியவர்கள் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். உயரச் செல்லச் செல்ல வளியமுக்கம் குறைவதே காரணம். அதே காரணத்தால், காலையிற் கடலில் மூழ்கி மாலையில் ஆகுங் மலையில் ஏறுவதும் தகாது.

பெற்றோர் கேட்க வேண்டியவை

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். பிள்ளையை விடலாமா? விடலாம். ஆனால் சில கேள்விகளுக்கு விடை பெற்ற பின்னரே விடலாம்.

முதலாவது, உடல்நலம். ஈளை, இருதய நோய், வலிப்பு, காதுக் குறைபாடு ஆகியவற்றுள் ஏதேனும் உடையவர் வைத்தியரின் அனுமதியின்றி இறங்கலாகாது. பயிற்சிக்கு முன்னர் தரப்படும் படிவத்திலே இவற்றை மறைத்தெழுதுவோர் தம்மையே ஏமாற்றுகின்றனர். இரண்டாவது, நீச்சல். பரவலாக நடைபெறும் ஆரம்பப் பயிற்சியில் 200 மீற்றர் நீந்திக் காட்டவும், 10 நிமிடம் மிதந்து காட்டவும் வேண்டும். மூன்றாவது, ஆழம். ஒருநாள் அறிமுகத்துக்கு வந்தவர் 12 மீற்றருக்கும், ஆரம்பச் சான்றிதழ் பெற்றவர் 18 மீற்றருக்கும் கீழே செல்லலாகாது. துலாம்பெனில் கப்பலின் அடி 30 மீற்றரிற் கிடக்கிறது. பாதியைப் பார்த்துவிட்டு மீதியை இன்னொரு நாளுக்கென விட்டுவரும் மனவுறுதி வேண்டும். கப்பலின் துவாரங்களுள் நுழைவதும் தேர்ந்தவர்க்கேயன்றிப் புதியவர்க்கு உரியதன்று. இரும்பு நாளுக்கு நாள் துருப்பிடித்துச் சரிந்து வருகிறது.

நான்காவது, துணை. தனியே மூழ்குதல் ஆகாது. ஆசிரியர் தகுதி பெற்றவரா, ஒரு முறைக்கு எத்தனை பேரை அழைத்துச் செல்கிறார் என்று கேட்பதில் வெட்கமில்லை. மலிவான கட்டணம் தேடி மூச்சை அடகு வைப்பதா? ஐந்தாவது, திரும்பும் உரிமை. எவரும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே பெருவிரலை உயர்த்திக் காட்டலாம். உடனே எல்லோரும் மேலே வர வேண்டும். இந்த ஒழுங்கை மதிக்காத கூட்டத்தோடு கடலுக்குப் போகாதே என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். நண்பர்களின் கேலிக்கு அஞ்சி இறங்கியவர்களுக்கே பெரும்பாலும் பதற்றம் வருகிறது.

மலை கொடுத்தது

துலாம்பென் வறண்ட பூமி. மலையின் மழைமறைவுப் பக்கத்தில் இருப்பதால் அங்கே மழை குறைவு. பாலியின் தென்புறத்திற் காணும் பசிய நெல்வயல்களை இங்கே காண்பது அரிது. 1963 இன் அழிவுக்குப் பின்னர் இக்கரையில் வாழ்வோருக்குக் கைகொடுத்தது, அவ்வழிவே கடலுக்குள் உருட்டிவிட்ட துருப்பிடித்த கப்பல்தான். தாங்கி சுமக்கும் பெண்கள், வழிகாட்டும் இளைஞர், உணவுக்கடை நடத்துவோர் எனப் பலரும் அதனால் உண்கின்றனர். ஆயினும் மலை உறங்கிவிட்டதென்று அவர்கள் எண்ணுவதில்லை. 2017 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அது மறுபடியும் சாம்பலைக் கக்கியபோது, மக்கள் பல்லாயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். விமான நிலையமும் சில நாள் மூடப்பட்டது. கொடுத்த மலை எடுக்கவும் வல்லது என்பதை அறிந்து, அதனை வணங்கி, அதன் அடியிலே வாழ்கின்றனர்.

கடலுக்கு முன்னே நாம் கொள்ள வேண்டிய மனநிலையும் அதுவே. "விளையாடாதே" என்று பாட்டி சொன்னாளேயன்றி, "அணுகாதே" என்று சொல்லவில்லை. அவளே தினந்தோறும் அடுப்பு மூட்டினாள். அவளே கிணற்றில் நீர் மொண்டாள். இரண்டின் இயல்பையும் அறிந்து, எல்லை வகுத்து, கவனத்தோடு கையாண்டாள். கடலுக்குச் செல்லும் பிள்ளைக்கு நாம் கொடுத்தனுப்ப வேண்டியதும் அந்தக் கவனமே. அதனைக் கொடுத்துவிட்டோமானால், தொலைபேசி மறுபடியும் மணியடிக்கும்வரை நாமும் சற்று அமைதியாக மூச்சு விடலாம்.